4,350 ரூபாய் டூல் செட், உள்ளே 24 பல்

விரல் முட்டியில் தோல் போன எரிச்சல் அடங்கவில்லை, அதோடுதான் எழுதுகிறேன்.

காரின் முன்பக்க லோயர் ஆர்மை (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) வீட்டிலேயே மாற்றலாம் என்று இறங்கினேன். முன் போல்ட் வந்துவிட்டது. பின் போல்ட்தான் வில்லங்கம். சப்ஃபிரேமுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும், ராட்செட்டை (உள்ளே பல்சக்கரம் உள்ள, முன்னும் பின்னும் ஆட்டியே போல்ட்டைத் திருப்பும் கைப்பிடி) போட்டால் பத்து டிகிரிகூட ஆட்ட இடமில்லை.

இதற்கென்றே ஆன்லைனில் ஒருவர் செட் விற்கிறார்: நீள எக்ஸ்டென்ஷன், யுனிவர்சல் ஜாயின்ட் (கோணலாக வளைந்தும் சுழலும் இணைப்பு), தலை வளையும் ராட்செட், எல்லாம் சேர்த்து 4,350 ரூபாய். வாட்ஸ்அப்பில் விசாரித்ததும் ஒரு வீடியோ அனுப்பினார். அதே மாடல் கார், அதே போல்ட், நாலே நிமிடத்தில் கழற்றுகிறார்கள். "72 பல் ராட்செட் அண்ணா, 5 டிகிரி ஆடினாலே பிடிச்சிடும். உடைஞ்சா மாத்தித் தர்றேன், என் பொறுப்பு." அந்த 'என் பொறுப்பு'வில் விழுந்தேன். சென்னை புதுப்பேட்டை வாகன உதிரிபாகக் கடைகளுக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்து வாங்கியிருக்கலாம், சோம்பேறித்தனம். பணம் வந்தால்தான் அனுப்புவேன் என்றார், 4,350-ஐயும் உடனே யுபிஐயில் போட்டேன்.

காருக்கு அடியில் படுத்துக்கொண்டு ஆட்டினால் ராட்செட் பிடிக்கவே இல்லை. வெளியே வந்து ஒரு சுற்று சுற்றி 'டிக்' சத்தத்தை எண்ணினேன், பல்லுக்கு ஒரு டிக். 24. அதாவது பல்லுக்கு 15 டிகிரி! சரி, ஜாயின்ட்டாவது உதவும் என்று மாட்டி இழுத்தேன். அதன் ஊசி முறிந்து, சாக்கெட் நழுவி, போல்ட் தலையும் மழுங்கிவிட்டது.

உடைந்த படத்தை அனுப்பினேன். மறுநாள் பதில்: "நீங்க ஓவரா இழுத்திருக்கீங்க சார்." அண்ணா சார் ஆகிவிட்டேன். அடுத்து, பயன்படுத்திய பொருளுக்கு வாரண்டி கிடையாதாம் (பயன்படுத்தாமல் எப்படி ஐயா உடையும்?). அப்புறம் "ஓனர் ஊரில் இல்லை". அப்புறம் பிளாக். போன 4,350 போதாதென்று, மழுங்கிய தலையில் நட்டை வெல்டு வைத்துக் கழற்றிய மெக்கானிக்குக்கு 800. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

விரிவாக யோசனை சொல்லத்தான் ஆரம்பித்தேன், பொறுமை இல்லை. ராட்செட் வந்ததும் டிக்கை எண்ணுங்கள். துருப்பிடித்த போல்ட்டில் முதல் நாள் இரவே எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். இறுகிய போல்ட்டை யுனிவர்சல் ஜாயின்ட் போட்டு உடைக்கப் பார்க்காதீர்கள், அது என் தப்புதான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள்.

அந்த வீடியோவை இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் இருக்கும் ராட்செட்டின் கைப்பிடி நிறமே வேறு.