15 கிலோ தாங்கும் என்று போட்ட சின்ன பால் ஹெட்: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ட்ரைபாடுக்குக் கைக்கு அடக்கமாக ஒரு பால் ஹெட் தேடிக்கொண்டிருக்கிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். பால் ஹெட் என்பது ட்ரைபாடின் மேல் மாட்டும், பந்து வைத்த தலை; கேமராவை வேண்டிய பக்கம் சாய்த்து, நாபை (திருகு குமிழை) இறுக்கினால் பந்து அப்படியே நிற்க வேண்டும். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கிய பால் ஹெட் என் லென்ஸைக் கெடுத்தது. புகார் சொன்ன பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதம் அதைவிட மோசம்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் 15 கிலோ என்று அச்சிட்டிருந்தது. என் கேமராவும் 24-70 லென்ஸும் சேர்ந்து இரண்டு கிலோவைத் தொடாது. ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தை இரவு வெளிச்சத்தில் எடுக்கப் போயிருந்தேன். 13 நிலை. அதைத் தெருவிலிருந்து முழுதாக எடுக்க கேமராவை நெட்டுவாக்கில் திருப்பியே ஆக வேண்டும். பந்தின் தண்டைப் பக்கவாட்டுப் பள்ளத்தில் சாய்த்து, விரல் நோகும் அளவுக்கு நாபை முறுக்கிவிட்டு, 20 விநாடி எக்ஸ்போஷர் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) வைத்தேன். விளக்குகள் எல்லாம் கோடு கோடாக இழுத்திருந்தன. காற்றும் இல்லை, நான் கேமராவைத் தொடவும் இல்லை. லென்ஸின் எடையில் பந்து தன் இடத்தில் மெதுவாகச் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. ஃபிரேமைச் சரிசெய்து இன்னொரு படத்துக்குத் தயாரானபோது, ஹெட்டின் மேலுள்ள கிளாம்பின் (கவ்வியின்) பிடியிலிருந்து, கேமராவின் அடியில் திருகியிருந்த பிளேட் வழுக்கி கேமரா தரையில் விழுந்தது. லென்ஸின் மவுண்ட் (கேமராவில் பொருந்தும் வளையம்) வளைந்துவிட்டது, ஃபோகஸ் வளையம் திரும்பவில்லை. ரிப்பேருக்குச் சொன்ன தொகை அந்த ஹெட்டின் விலையைப் போல் பல மடங்கு.

வழுக்கியது வேறு கம்பெனி பிளேட் அல்ல, அதே பெட்டியில் வந்த பிளேட். கிளாம்ப் இரு விளிம்பிலும் கவ்விப் பிடிக்கும் ஆர்க்கா வகை பிளேட்டுகளின் இரு முனையிலும் வழுக்காமல் தடுக்கச் சின்னத் திருகுகள் இருப்பது வழக்கம். கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்தாலும் அவை கேமராவைத் தாங்கிப் பிடிக்கும். இதில் அவை இல்லை. கிளாம்ப் நெம்புகோல் வகை, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வழியே கிடையாது.

அந்த 15 கிலோ எங்கிருந்து வந்தது என்று விற்பனையாளரிடம் கேட்டேன். “ஃபாக்டரி டெஸ்ட் சார்” என்றார்கள். எப்படி டெஸ்ட் செய்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை. பால் ஹெட்டின் தாங்குதிறனை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லாக் கம்பெனிகளையும் கட்டுப்படுத்தும் பொதுவான முறை எதுவும் புழக்கத்தில் இல்லை. பந்துக்கு நேர் மேலே எடையை வைத்தால் சின்ன ஹெட் கூட நிறையத் தாங்கும். பக்கவாட்டில் சாயும்போதுதான் சோதனையே. ஒன்றரை கிலோ எடை பந்தின் மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி நின்றால், ஏறக்குறைய 1.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை பந்தைத் திருப்பப் பார்க்கும். அதை எதிர்த்து நிற்பது உராய்வு மட்டுமே. ஒரே அளவு இறுக்கினாலும் பந்து சிறியதாக இருந்தால் அந்தப் பிடி குறையும். அதனால் நான் இப்போது கிலோவைப் பார்ப்பதில்லை, பந்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் கேட்கிறேன். சின்ன ஹெட் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. பந்தும் அதன் இருக்கையும் துல்லியமாகக் கடைந்திருந்தால் சின்ன ஹெட்டும் கல் மாதிரி நிற்கும்.

ஹெட் இறங்குகிறது என்று புகார் சொன்னபோது, விற்பனையாளர் தரப்பில் முதலில் கேமரா ஓவர் வெயிட் என்றார்கள். எடையைச் சொன்னதும், பந்தில் கிரீஸ் போட்டுப் பாருங்கள் என்றார்கள். உராய்வால் நிற்க வேண்டிய பந்துக்குக் கிரீஸ்! மாற்றி அனுப்பிய இரண்டாவது ஹெட்டும் அதே போல இறங்கியது. அதைக் காட்டும் வீடியோ அனுப்பியதும் ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டது என்ற ஒரே வரி. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இல்லை. இறக்குமதிப் பொருளின் பொட்டலத்தில் அவை இருந்தே ஆக வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்த பிறகுதான் ஹெட்டின் பணம் திரும்ப வந்தது. லென்ஸுக்கு ஒரு பைசா கிடையாது. அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், பெட்டி, அவர்களோடு பேசிய மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றே இதைச் செய்யுங்கள். கீழே மெத்தை விரித்து, உங்களிடம் உள்ள கனமான லென்ஸை மாட்டி, கேமராவை நெட்டுவாக்கில் சாய்த்து நாபை இறுக்குங்கள். சுவரில் ஒரு புள்ளியை நடுவில் வைத்து ஒரு படம், ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு படம். கையை எடுத்த நொடியில் லேசாக இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் சமாளிக்கலாம், பல ஹெட்டுகளில் அது உண்டு. இறங்கிக்கொண்டே இருந்தால் ரிட்டர்ன் தேதிக்குள் திருப்பிவிடுங்கள். கிளாம்பை மூடிய பிறகு பிளேட்டை நீளவாக்கில் கையால் தள்ளிப் பாருங்கள், இம்மியும் நகரக் கூடாது.

அந்த விற்பனையாளர் அதே ஹெட்டை இப்போது வேறு பெயரில் விற்கிறார். படம் அதேதான். தாங்குதிறன் மட்டும் 20 கிலோ ஆகியிருக்கிறது.