'உயர் புரதம்' என்று எழுதிய டப்பாவை நம்பிய கதை

உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், செய்துகொள்ள நாள் குறித்திருப்பவர்களும், அவர்களுக்குச் சமைத்துப் போடும் வீட்டாரும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை; என் புகார் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருக்கிறது.

கடந்த ஆண்டு ஆடி மாதம் சென்னையில் எனக்கு ஸ்லீவ் அறுவை சிகிச்சை நடந்தது. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை நீக்கிவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக் குழாயாக விட்டுவைக்கும் முறை அது. ஊருக்கு அனுப்பும்போது மருத்துவமனையின் உணவியல் நிபுணர் அம்மையார் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். இரண்டு வாரம் நீர் உணவு, பிறகு மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். ஆனால் அடுப்பின் முன் நிற்க எனக்குத் தெம்பில்லை. தாளிக்கும் வாசனை வந்தாலே குமட்டியது. கணவர் காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். மாமியாருக்கு வயது 78; அவரைக் கேட்டால் கஞ்சியைத் தவிர வேறு பத்திய உணவே உலகத்தில் கிடையாது.

இந்த நிலையில்தான், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கென்றே தயாரிக்கப்படும் உணவு என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. 45 நாள் திட்டம், தினமும் வீட்டுக்கு வரும் மூன்று டப்பா உணவு, கூடவே ஒரு புரோட்டீன் பவுடர், ஆக மொத்தம் நாளுக்கு 65 கிராம் புரதம் என்றார்கள். முழுத் தொகையான 31,500 ரூபாயையும் முன்கூட்டியே செலுத்தினேன். அது என் முதல் தவறு.

முதல் வாரத்திலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மிஞ்சிய காய்கறி சூப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் அது களி போல உறைந்து கிடந்தது. கெட்டியாக இருப்பது சத்தின் அடையாளம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'புரதப் பாயசம்' என்று ஒன்று வந்த நாள்களில், குடித்த இருபது நிமிடத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, படுத்தால் தேவலை என்றாகிவிடும். சர்க்கரை மிகுந்த உணவு குறுகிய இரைப்பையைக் கடந்து சிறுகுடலுக்குள் சட்டென்று இறங்கும்போது இப்படி நேரும் என்பதையும், இதற்கு டம்பிங் என்று பெயர் என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் முறையில் செய்துகொண்டவர்களுக்கே இது அதிகம் என்றாலும், ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கும் வருவதுண்டு.

நான்காவது வாரம் வாந்தி தொடங்கியது. மசியல் என்று வந்ததில் கோழி இறைச்சியின் நார் அப்படியே கிடந்தது. நிறுவனத்தின் 'உணவு ஆலோசகரை' அழைத்தபோது, "மேடம், பழைய கழிவெல்லாம் வெளியே வருது, ஒரு வாரம் பொறுத்துக்கோங்க" என்றார். நான் நான்கு நாள் பொறுத்தேன். இந்தப் பதிவில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் வாந்தி ஓரிரு நாளில் அடங்காவிட்டால் உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவரைத்தான் உடனே அழைக்க வேண்டும். உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் நெடுநாளைக்குச் சேமிப்பில் இருப்பதில்லை. வாந்தி நீடித்தால் அது வற்றி, மூளையையும் நரம்புகளையும் நிரந்தரமாகவே பாதிக்கக்கூடும். ஐந்தாம் நாள் மருத்துவமனைக்குப் போனபோது குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பாகவே தயமின் ஊசி போட்டார்கள். அந்த வரிசை ஏன் முக்கியம் என்று செவிலியர் விளக்கியபோதுதான், குளுக்கோஸை உடல் எரிக்கும்போது மிச்சமிருக்கும் தயமினும் செலவாகிவிடும் என்பது புரிந்து, எனக்குக் கை நடுங்கியது. அந்த 'ஆலோசகர்' உணவியல் படித்தவரே அல்லர், விற்பனைப் பிரிவில் வேலை செய்பவர் என்பது பிறகு தெரிந்தது.

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த அம்மையார், பவுடர் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, என் முன்னாலேயே கணக்குப் போட்டார். டப்பாவின் முகப்பில் பெரிய எழுத்தில் '24 கிராம் புரதம்' என்றிருந்தது. பின்புறம், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், ஒரு வேளை அளவு 80 கிராம் பவுடர், 300 மில்லி பாலுடன் என்றிருந்தது. அந்தப் பாலிலேயே சுமார் 10 கிராம் புரதம் இருக்கிறது. ஆக, 80 கிராம் பவுடர் தருவது 14 கிராம்தான். நானோ, அவர்கள் தொலைபேசியில் சொன்னபடி 20 கிராம் கரண்டி ஒன்றைத் தண்ணீரில் கரைத்து, நாளுக்கு இரண்டு வேளை குடித்துக்கொண்டிருந்தேன். வேளைக்கு 24 என்று நான் கணக்கு வைத்திருந்த இடத்தில் உண்மையில் சேர்ந்தது மூன்றரை கிராம். 300 மில்லியை ஒரே வேளையில் குடிக்க அந்த நிலையில் யாராலும் முடியாது என்பது இந்தப் பவுடரை விற்பவர்களுக்குத் தெரியாதா? உட்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததற்கு என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அந்த வரிசையில் முதலாவதாக இருந்தது மால்ட்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்திலிருந்து எடுக்கும் தூள். என் உணவு முழுவதையும் கூட்டிப் பார்த்தாலும் நாளுக்கு 25 கிராம் புரதத்தைத் தாண்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளியில் செய்த சோதனையைக் கோழி மசியலில் செய்து பார்த்தாள். புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தில் இரண்டு சொட்டு விட்டதும் மசியல் கருநீலமாக மாறியது. பருப்பிலோ உருளைக்கிழங்கிலோ இந்த நிறம் வந்தால் அதில் வியப்பில்லை, அவற்றில் இயல்பாகவே மாவுச்சத்து உண்டு. கோழிக்கறியில் அதற்கு வேலையே இல்லை. இது ஆய்வக முடிவு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு மாவு கலந்தார்கள் என்பதை இது காட்டாது. முடி கொட்டியதையும் நான் அவர்கள் கணக்கில் எழுதவில்லை, மூன்றாம் மாதத்தையொட்டி அது பலருக்கும் நேர்வதுதான்.

சாதாரண வயிறு உள்ளவருக்கு ஒரு வேளை சத்தில்லாத உணவு கிடைத்தால் அடுத்த வேளை இரண்டு முட்டை சேர்த்து ஈடுகட்டிவிடலாம். ஐந்தாறு தேக்கரண்டிதான் கொள்ளும் என்றிருக்கும் வயிற்றில் மாவை நிரப்பிவிட்டால் ஈடுகட்ட இடம் ஏது? பணத்தைவிட அந்த இடத்தைத்தான் அவர்கள் என்னிடமிருந்து பறித்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கைகழுவினார்கள். டப்பாவில் இருந்த 14 இலக்க உணவு உரிம எண்ணை அரசின் இணையதளத்தில் தேடியதில், அது வேறொரு முகவரிக்கு வழங்கப்பட்டு, காலாவதியானது என்று தெரிந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்த பிறகு 9,000 ரூபாய் தருவதாகவும், நான் எழுதிய விமர்சனத்தை நீக்கிவிட வேண்டும் என்றும் பேரம் பேசினார்கள். மறுத்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். நாம் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ரசீது, உரையாடல்கள், டப்பாவின் எல்லாப் பக்கங்களின் படங்கள் ஆகியவற்றை நான் தூக்கிப்போடாமல் வைத்திருந்தது உதவியது.

இப்போது வீட்டிலேயே சமைக்கிறோம். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மிக்சியில் ஓட்டுவது, ஆவியில் வேகவைத்த மீனை முள் நீக்கி மசிப்பது, துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர், மென்மையாகக் கிண்டிய முட்டை என்று எல்லாமே நமக்குத் தெரிந்த பண்டங்கள்தான். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் என்பதைத் தெரிந்துகொள்ள எந்த டப்பாவும் வேண்டியதில்லை. தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் மட்டும் சோறு. சாப்பிடும்போதும் அடுத்த அரை மணி நேரமும் தண்ணீர் இல்லை. எஞ்சிய புரதத்துக்கு மருத்துவமனை பரிந்துரைத்த பவுடரை, பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்த பிறகே வாங்குகிறேன். கஞ்சிப் பக்கம் போகாமல் பருப்பை மசித்துத் தருபவர் மாமியார்தான். என் மகளுக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்து, அதிலேதான் அளந்து ஊற்றுகிறார்.