வெயில் காலத்தில் ஒரு நாள் மணல் பார்க்க: மன்னாரா, மணற்காடா?

தென்மேற்குக் காற்றான சோளகம் வீசத் தொடங்கிய பிறகு கிளிநொச்சி, வவுனியா ஆட்கள் வான் பிடித்து ஒரு நாள் போய்வர இடம் தேடினால், பேச்சு அநேகமாக நுவரெலியாவில்தான் போய் நிற்கும். குளிருக்கு அங்கே போகலாம், சரி. ஆனால் குளம் வற்றி, உப்புத்தரை வெளுத்து, மணல் கிளம்பிப் பறக்கிற எங்கள் பக்கத்து நிலத்தை வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில்தான் பார்க்க வேண்டும். இது கணக்குப்படி பாலைவனம் இல்லை. மன்னாரில்கூட வருடத்துக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டி முடிந்துவிடுவதால், ஆடி பிறக்கும்போது உடை மரமும் ஈச்சம் பற்றையும் தவிர மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும்.

கிளிநொச்சியில் இருந்து இதற்கு இரண்டு வழி. மேற்கே பூநகரி போய் ஏ32 வீதியில் தெற்கே இறங்கி மன்னார். இல்லையென்றால் ஆனையிறவு தாண்டி இயக்கச்சியில் கிழக்கே திரும்பி, சுண்டிக்குளம் பார்த்துவிட்டு வடமராட்சி கிழக்குக் கரையோரமாக மணற்காடு.

ஓடும் சுகத்துக்கு ஏ32தான். பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று நீண்டு போகிற வீதி. ஒரு பக்கம் அறுவடை முடிந்து வெடித்த வயல், மறுபக்கம் கண்ணைக் கூசவைக்கிற உப்புவெளி, அதற்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத கடல். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்து வாகனங்களும் இந்த வழியால் வருகின்றன, இருந்தும் நெரிசல் இல்லை. இடையில் கடைகள் குறைவு, பெற்றோலைக் கிளிநொச்சியிலேயே அடித்துக்கொள்ளுங்கள். வவுனியா ஆட்களுக்குப் பறயனாலங்குளம் வழியாக 80 கிலோமீற்றர் அளவில் மன்னார் வந்துவிடும். ஆனால் அந்த வழியில் காடுதான் கூட, இந்த வெட்டவெளி கிடைக்காது.

மன்னாரில் பார்க்க இடங்கள் அதிகம், அதுதான் அதன் பலமும் தொல்லையும். பள்ளிமுனையில் அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம் (பாவோபாப்) நிற்கிறது. சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், உயரமோ அதில் பாதிகூட இல்லை. மழமழவென்ற சாம்பல் பட்டையில் யானைத் தோல் போல மடிப்புகள். மரத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தால்தான் அதன் பருமன் புரியும். தீவின் மறுமுனையில் தலைமன்னார். 1914 இல் தொடங்கிய இந்திய–இலங்கை ரயில், கப்பல் சேவையின் பழைய இறங்குதுறை துருப்பிடித்துப்போய் இருக்கிறது, அதற்கு அப்பால் தனுஷ்கோடி வரை மணல்திட்டுகள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த கதையை இங்கே நின்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தெற்கே போனால் அரிப்பு. முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகை செம்மண் மேட்டின் விளிம்பில் நிற்கிறது. கடல் மேட்டை அரித்து அரித்து, கட்டடமும் பங்கு பங்காகக் கீழே விழுகிறது. மிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டிய இடம் இது. தலைமன்னாரையும் அரிப்பையும் ஒரே நாளில் அடுக்காதீர்கள், வானுக்குள் இருந்ததுதான் மிஞ்சும். ஒன்றை எடுங்கள் என்றால் பின்னேர வெயிலில் அரிப்பு.

மன்னாருக்கு வெயில் காலத்தில் காற்று சிக்கல். சோளகம் தென்மேற்கில் இருந்து வருகிறது, தீவின் தென்கரை அதை நேராக வாங்குகிறது. அங்கே காற்றாலைகளை நிரையாக நட்டிருப்பதும் அதற்குத்தான். கரையில் நின்றால் மணல் முகத்தில் அடிக்கும், கடலும் கொந்தளிப்பு, பிள்ளைகளை இறக்க முடியாது. பேசாலைப் பக்கத்து வடகரை எவ்வளவோ அமைதி. இன்னொன்று, வங்காலைப் பூநாரைகளை நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். அவை வடகிழக்குக் காற்றான வாடையோடு வருகிற பறவைகள், இந்த மாதங்களில் அந்தச் சேற்றுநிலம் வெறுமனே கிடக்கும்.

மணற்காட்டில் இடங்கள் குறைவு. போகிற வழியில் ஆனையிறவு உப்பளம், சுண்டிக்குளத்துக் களப்பு (2015 இல் தேசிய பூங்கா ஆக்கினார்கள்), உடுத்துறைச் சுனாமி நினைவாலயம். 2004 இல் இந்தக் கரை முழுவதும் இழந்தவர்களின் ஊர்கள், அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போங்கள். அப்புறம் குடத்தனை தாண்டினால் மணற்காடு. உண்மையான மணல்மேடுகள், ஏறி இறங்கக்கூடியவை. வாடைக்காற்று கடற்கரை மணலை அள்ளி அள்ளிக் குவித்தவை. பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள் புதைந்து சுவர்கள் மட்டும் வெளியே நிற்கின்றன. பக்கத்தில் மணலை மறிக்க நட்ட சவுக்கங்காடு. வெளியே கால் சுடும்போது அந்த நிழலுக்குள் உதிர்ந்த சவுக்குச் சருகில் வெறுங்காலோடு நடக்கலாம்.

குனிந்து பார்த்தால் இங்கே இன்னும் கனக்க இருக்கிறது. இராவணன் மீசைப் புல்லின் முள் உருண்டைகள் கழன்று மணலில் உருண்டு ஓடும். ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கும், அடுத்த காற்றுக்கு மறுபடி கிளம்பும். அவை போன இடமெல்லாம் மணலில் கீறல். திரண்டால் மிடுக்கு என்று நாங்கள் சொல்கிற அடம்பன் கொடி ஊதாப் பூவோடு மேட்டின் அடியைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்த இரண்டும் போனால் மேடும் போய்விடும். ஏற்கெனவே இந்தக் கரையில் களவாக மணல் அள்ளுவதால் எத்தனையோ மேடுகள் கரைந்துவிட்டன. மோட்டார்சைக்கிளை மேட்டில் ஏற்றிப் படம் எடுக்கிற தம்பிமாருக்குக் கை கூப்பிச் சொல்கிறேன், கீழே விட்டுவிட்டு நடந்து ஏறுங்கள்.

வெயில் காலத்துக்கு மணற்காடு என்று நான் சொல்வதற்குக் காரணமும் அந்தச் சோளகம்தான். இங்கே அது தரைப் பக்கத்தில் இருந்து கடலை நோக்கி வீசுகிறது. மேட்டின் உச்சியில் கெண்டைக்காலில் மணல் குத்தும், ஆனால் கடல் பக்கம் இறங்கி இருந்தால் மேடே காற்றை மறைத்துவிடும். கிழக்குக் கடலும் இந்த மாதங்களில் அடங்கிக் கிடக்கும். மன்னாரைத் தை, மாசிக்கு வையுங்கள், பூநாரையும் இருக்கும், கட்டுக்கரைக் குளமும் நிறைந்திருக்கும். நடக்கக் கஷ்டப்படுகிற அம்மம்மா, அப்பப்பா கூட வருகிறார்கள் என்றால் மட்டும் எந்தக் காலத்திலும் மன்னார். அங்கே வானில் இருந்தபடியே பாதியைப் பார்த்துவிடலாம், மணற்காட்டில் நடந்தே ஆகவேண்டும்.

முல்லைத்தீவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். நாயாறும் கொக்கிளாயும் அழகுதான், கடலும் இந்தக் காலத்தில் நல்லது. பரந்தன் வீதியால் போனால் முள்ளிவாய்க்காலையும் வட்டுவாகலையும் கடந்துதான் போகவேண்டும். அந்த வழியை ஒரு உல்லாசப் பயணத்தோடு ஒப்பிட்டு எழுத என்னால் முடியாது. அங்கே போவது வேறு பயணம்.

மணற்காட்டுக்கு விடிய 5 மணிக்குக் கிளிநொச்சியில் வெளிக்கிட்டால் வெயில் ஏறமுதல் மேட்டில் நிற்கலாம், 10 மணிக்குச் சவுக்கு நிழலுக்குள் வந்துவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், தண்ணீர் நினைப்பதைவிட இரண்டு மடங்கு. ஆனையிறவுக்கு அப்பால் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் ஒரு அடிகூட இறங்க வேண்டாம். மணலுக்குள் சில்லுப் புதைந்தால் அக்சிலேற்றரை அமத்தாதீர்கள், இன்னும் தாழும். ரயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, சில்லின் கீழ் இரண்டு பனை மட்டையைக் கொடுத்து, மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள்.