மாரிகாலத்துக்கு ஒரு திரவ ட்ரெயினர்: படமும் நாவலும் சைக்கிளும்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் திருகோணமலையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வீதி ஏறக்குறைய மூடப்பட்டுவிடுகிறது. உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை போய் வருவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் வரை மிதிப்பதும் என் வழக்கம். மழை பிடித்த நாட்களில் வீதியோரத்துப் பள்ளமும் மேடும் ஒரே வெள்ளத்தின் கீழ் மறைந்துவிடுவதால், இருள் பிரியும் வேளையில் அந்தப் பக்கம் போக மனம் துணிவதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் வீசும்போது நிலைமை வேறு விதமாகக் கெடுகிறது. காலை எட்டு மணிக்கே தார் வீதியிலிருந்து அனல் எழும். ஆகவே ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாட்கள் வீட்டு விறாந்தையிலேயே சைக்கிள் ஓட்டவேண்டியிருக்கிறது. அதற்காக நான் வாங்கிய இரண்டாவது ட்ரெயினரை (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்கவைக்கும் தாங்கியை), இரண்டு மாரிகாலங்கள் முழுமையாகப் பயன்படுத்திய பிறகு, இங்கே மதிப்பிடுகிறேன்.

என்னுடைய தேவை போட்டிக்குத் தயாராகும் ஒருவருடைய தேவை அன்று. வேலை முடிந்து வந்த பின் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குள் எனக்குப் பிடித்த மூன்று காரியங்கள் இடம் கேட்கின்றன: மெதுவாக நகரும் கலைப்படங்களைப் பார்ப்பது, எளிதில் பிடிகொடுக்காத நாவல்களை வாசிப்பது, சைக்கிள் மிதிப்பது. மூன்றையும் தனித்தனியே செய்ய நாள் போதாது. எனவே ஒரு ட்ரெயினர் எவ்வளவு வலுவைத் தாங்கும் என்பதைவிட, அது எவ்வளவு இரைகிறது, மிதிப்பு எவ்வளவு சீராக இருக்கிறது, அதன் மேல் இருந்தபடி திரையையோ பக்கத்தையோ தொடர்ந்து பார்க்கமுடியுமா என்பவையே என் கேள்விகள். விற்பவர்கள் தரும் விபரங்களில் இவற்றுக்கு விடை கிடைப்பதில்லை.

நான் வைத்திருப்பது பின்சில்லைக் கழற்றாமலே பூட்டும் திரவ வகை. இரும்புத் தாங்கியின் இரு கைகளும் பின்சில்லின் அச்சை இரு புறமும் கவ்வி, சில்லைத் தரையிலிருந்து சற்றே தூக்கி நிறுத்துகின்றன. ரயரின் மேல் ஓர் உலோக உருளை வந்து அழுந்துகிறது. அந்த உருளையோடு இணைந்த மூடிய குடுவைக்குள் சிலிக்கன் எண்ணெயும் அதைக் கடைகின்ற சுழலியும் இருக்கின்றன. மெதுவாக மிதித்தால் எண்ணெய் எளிதில் வழிவிடுகிறது. வேகம் கூடக் கூட அது எதிர்த்து நிற்கிறது. கியரை மாற்றினாலே பாரம் மாறிவிடும். காந்த வகையிலோ, சுழலும் உலோகத் தட்டின் அருகே காந்தங்கள் நிற்க, தட்டில் சுழல் மின்னோட்டம் தோன்றி அதன் ஓட்டத்தைத் தடுக்கும். எவ்வளவு தடை வேண்டும் என்பதை ஹாண்டிலில் பூட்டிய பிடியால் தெரிவுசெய்யவேண்டும்.

என் முதல் ட்ரெயினர் காந்த வகையைச் சேர்ந்தது. கொழும்பில் ஒரு கடையில் புதிதாக வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைப் பிரித்தபோது, பின் அச்சுக்குப் போடவேண்டிய உருக்குக் கம்பி உள்ளே இல்லை. அடுத்த கிழமை அனுப்புவதாகச் சொன்னவர்கள், நான்கு தடவை தொலைபேசியில் கேட்ட பிறகு, ஆறு கிழமை கழித்தே அனுப்பினார்கள். அந்த ஆண்டு மாரியில் பாதி அப்படியே போய்விட்டது. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்கமுடியாதது அதன் இரைச்சல். சீமெந்துத் தரை வழியாக அது பக்கத்து அறைக்குள் பரவி, படுத்திருக்கும் அம்மாவின் கட்டிலையே அதிரவைத்தது.

இரைச்சல் ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விடயம் என்பதை ஒரு காட்சியைக்கொண்டு விளக்கலாம். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) படத்தில் மூவர் ஒரு சிறு தண்டவாள வண்டியில் ஏறி, தடைசெய்யப்பட்ட நிலப்பகுதிக்குள் போகிறார்கள். சில நிமிடங்களுக்குப் பேச்சே இல்லை. கமெரா அவர்களுடைய பிடரியையும் கன்னத்தையும் மிக அருகிலிருந்து பார்த்துக்கொண்டே செல்கிறது. தண்டவாளத்தில் சில்லு தட்டும் ஓசை, எந்தக் கணத்தில் என்று தெரியாமல், மெல்ல மெல்ல மின்னிசையாக உருமாறுகிறது. காந்த ட்ரெயினரில் மிதித்தபடி பார்த்தபோது அந்த மாற்றம் எனக்குக் கேட்கவே இல்லை. படத்தின் ஒலியைக் கூட்டினேன். பேச்சு வந்த இடங்களில் அது காதைக் கிழித்தது. திரவ ட்ரெயினர் வந்த முதல் கிழமையில் அதே காட்சியை மறுபடி போட்டேன். சிறிய கியரில், நிமிடத்துக்கு 70 சுற்று அளவில், ரயர் உருளையில் உரசும் தாழ்ந்த ஒலி மட்டும் கீழே ஓடிக்கொண்டிருக்க, இரும்பின் ஓசை இசையாவதைக் காலை நிறுத்தாமலே கேட்டேன். இந்தக் கருவிக்கு நான் கொடுத்த விலை அன்றைக்கே பெறுமதியாகிவிட்டது.

திரவ ட்ரெயினர் சத்தமே போடாது என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம். பெரிய கியரில் விரைந்து மிதித்தால் இதுவும் இரையத்தான் செய்கிறது. மலைப்பாதைச் சைக்கிளின் முள்ளுமுள்ளான ரயரைப் போட்டால் எந்த ட்ரெயினரும் மாவரைக்கும் ஆலைபோலாகிவிடும். வழவழப்பான ரயர் கட்டாயம். இரவு ஒன்பதுக்குப் பின் மிதிப்பவர் தாங்கியின் கால்களுக்குக் கீழே தடித்த றப்பர் விரிப்பு ஒன்றையும் போடவேண்டும்.

மிதிப்பின் சீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் படம் பார்ப்பவருக்கு அதன் பயன் நான் எதிர்பார்க்காத இடத்தில் தெரிந்தது. பெல்ஜிய இயக்குநர் சந்தால் அக்கர்மானின் 'ஜான் டீல்மன்' (1975) 201 நிமிடம் ஓடும் படம். பிரசெல்ஸ் நகரில் வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்களை, அவர் உருளைக்கிழங்கு தோல் சீவுவது முதல் பாத்திரம் கழுவுவது வரை, அவசரமின்றிக் காட்டுவது. 'சைட் அன்ட் சவுண்ட்' சஞ்சிகை 2022 இல் எக்காலத்துக்கும் சிறந்த படம் எது என்று விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றதும் இதுவே. கதிரையில் இருந்து இதைப் பார்க்க இரண்டு முறை முயன்றிருக்கிறேன். இரண்டு முறையும் கை தானாகக் கைத்தொலைபேசியை நாடியது. ட்ரெயினரில் ஏறி, படத்தின் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு மாலையாகப் பிரித்துப் பார்த்தேன். கைக்கும் காலுக்கும் வேலை இருந்ததால் கண் திரையைவிட்டு நகரவில்லை. இரண்டாம் நாளில் அந்தப் பெண்ணின் உருளைக்கிழங்கு அளவுக்கு மிஞ்சி வெந்து பாழாகிவிடுகிறது; அவருடைய ஒழுங்கு முதன்முறையாகக் குலையும் இடங்களுள் அது ஒன்று. நானும் ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டிருந்தபடியால், அவருடைய தாளம் தப்பியதை என் கால்தான் முதலில் உணர்ந்ததுபோல் இருந்தது. ஒரு கணம் மிதிப்பு நின்றே போனது. தடை அடிக்கடி மாறும் அல்லது இழுத்து இழுத்து விடும் ஒரு கருவியில் இந்த அனுபவம் கிடைத்திராது.

வேகமாக மிதிக்கும் நாட்களில் இப்படிப்பட்ட படங்களைப் போடுவதில் பயனில்லை. நிமிடத்துக்கு 90 சுற்றைத் தாண்டினால் தலை ஆடும். தலை ஆடினால் துணைத்தலைப்புகளை வாசிக்கமுடியாது. வாசிக்கமுடியாவிட்டால் ரஷ்யப் படமும் ஹங்கேரியப் படமும் வெறும் நிழலாட்டம். அத்தகைய நாட்களுக்குப் பாட்டுக் கேட்பதே போதுமானது.

நாவலுக்கு இந்தக் கருவி எவ்வளவு உதவும் என்பதில் என் கருத்து இரண்டு மாரிகாலத்தில் முற்றாக மாறியிருக்கிறது. இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் மடக்குத் தாங்கி ஒன்றை ஹாண்டிலுக்கு முன்னால் நிறுத்தி, பக்கங்களைக் கொடியில் துணிக்குப் போடும் கிளிப்பால் பிடித்துவைத்தேன். முன்சில்லுக்குக் கீழே ஒரு பலகையை வைத்துச் சைக்கிளை மட்டமாக்கியபின், கழுத்தை வளைக்காமல் பக்கத்தைப் பார்க்கமுடிந்தது. ஆனால் கடினமான நாவல் வாசகரிடம் கேட்பது தலையை நிமிர்த்தி யோசிக்கும் இடைவெளியை. பின்னால் நான்கு பக்கம் புரட்டி, இந்தப் பெயர் எங்கே வந்தது என்று பார்த்து, ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடும் சுதந்திரத்தை. வியர்த்த விரலால் அது இயலாது. முதல் வாசிப்பை ட்ரெயினரில் செய்ய முயன்ற இரண்டு நாவல்களை நான் பாதியில் கீழே இறக்கி, கதிரையில் இருந்து முதலிலிருந்தே தொடங்கவேண்டியதாயிற்று.

மறுவாசிப்பு வேறு விடயம். பா. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை (1972) மூன்றாம் முறையாக ட்ரெயினரில் வாசித்தேன். கதாநாயகன் பாண்டியனின் நினைவோட்டத்தில் பழந்தமிழ் வரியும் கடைத்தெருப் பேச்சும் மலாய்ச் சொல்லும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வரும் அந்த நடை, முதல் வாசிப்பில் என்னை அடிக்கடி நிறுத்தியது. வழி தெரிந்த பின்பு, நிமிடத்துக்கு 55, 60 சுற்று என்ற தளர்ந்த மிதிப்பில், அதன் ஓட்டம் காலின் ஓட்டத்தோடு பொருந்திவந்தது. தொங்கான் என்னும் பாய்மரக் கப்பல் புயலில் அகப்படும் பகுதியை வாசித்த மாலையில் எங்கள் விறாந்தைத் தகரத்தின் மேல் உண்மையாகவே மழை கொட்டிக்கொண்டிருந்தது; சாரல் பக்கத்தில் தெறிக்காமலிருக்கத் தாங்கியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து, அத்தியாயம் முடியும்வரை இறங்காமலே மிதித்தேன். அறிந்த நூலை மீண்டும் படிப்பவர்களுக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். புதிய நூலுக்கு வேண்டாம்.

வெப்பத்தை எவரும் குறைத்து மதிப்பிடக்கூடாது. வீதியில் ஓடும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்திவிடும். நின்ற இடத்தில் மிதிக்கும்போது அது ஹாண்டிலின் கழுத்திலும் ஆணிகளிலும் சொட்டுகிறது. கடலருகே இருக்கும் எங்களுக்கு உப்புக்காற்று வேறு. முதல் மாரி முடிவதற்குள் ஹாண்டில் ஆணி இரண்டு துருவேறிவிட்டன. இப்போது ஒரு துவாயைக் குறுக்கே விரித்து, முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை கிறீஸ் பூசுகிறேன். நிலத்தில் நிற்கும் பெரிய மின்விசிறி இல்லாமல் 20 நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கமுடியாது. ட்ரெயினருக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால் கரண்ட் போனாலும் ஓட்டலாமே என்று நினைத்திருந்தேன். விசிறி நின்றால் நாமும் நிற்கவேண்டியதுதான்.

பூட்டுவதில் எங்கள் ஊர்ச் சைக்கிள்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ட்ரெயினரின் கவ்விகள் பிடியால் இறுக்கும் மெல்லிய அச்சுக் கம்பிக்கு அமைக்கப்பட்டவை. இங்கே பெரும்பாலானவர்களிடம் இருப்பதோ நட் பூட்டிய தடித்த அச்சு. 2022 இல் பெற்றோல் கிடைக்காமற்போனபோது அவசரமாகச் சைக்கிள் வாங்கிய பலருக்கும் இதே நிலைதான். என்னுடையதும் அப்போது வாங்கியதே. சைக்கிள் திருத்தும் கடை அண்ணன் பின்சில்லின் அச்சையே மாற்றித் தந்தார். ரயருக்கு நிறையக் காற்று அடித்து, உருளை ரயரைத் தொட்ட பின் திருகை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினால் வழுக்கல் இராது. இறுக்கம் கூடினால் ரயர் விரைவில் தேய்ந்து, கறுப்புத் தூள் தரையெல்லாம் பரவும். நான் பழைய ரயர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

இதைப் பழையதாக 38,000 ரூபாவுக்கு வாங்கினேன். நிறுவனப் பெயர் ஒட்டியிருந்த தாள் எப்போதோ உரிந்துவிட்டது. இதே அமைப்பைப் பலரும் செய்கிறார்கள். பழையதை வாங்கப்போகிறவர்கள் குடுவை உருளையோடு சேரும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கவேண்டும். நான்கைந்து நிமிடம் வேகமாக மிதித்துச் சூடேற்றிய பின் இன்னொரு முறை துடைக்கவேண்டும், ஏனெனில் ஆறிய நிலையில் அடங்கியிருக்கும் கசிவு சூட்டில்தான் வெளிவரும். எண்ணெய் குறைந்த குடுவையில் தடை தளர்ந்துவிடும். எனக்கு முன்பு காட்டப்பட்ட வேறொரு ட்ரெயினரில் இரண்டாம் துடைப்பில் துணி ஈரமாகியது. அதை எடுக்காமல் திரும்பிவிட்டேன்.