14 மாதம் காய்கறி ஜூஸ்: சக்கையோடும் சக்கை இல்லாமலும்

போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எடை 86.4 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு (HbA1c) 6.1. அந்தக் கணக்கு 5.7-ஐத் தொட்டால் சர்க்கரைக்கு முந்தைய நிலை, 6.5 வந்தால் சர்க்கரையே. "வாசல் வரைக்கும் வந்துடுச்சுங்க, உள்ளே கூப்பிடறதும் கூப்பிடாததும் உங்க கையில" என்றார் டாக்டர். எனக்கு வயது 47. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டரைக்குத்தான் எழுந்திருப்பேன்.

மறுநாளே காந்தி மைதானத்துக்கு நடக்கப் போனேன். ரெண்டு ரவுண்டு நடப்பது, வெளியே வந்து அருகம்புல் ஒரு டம்ளர், வாழைத்தண்டு ஒரு டம்ளர். நடந்ததைவிடக் குடித்ததுதான் அதிகம். வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று அங்கே சொல்லாத ஆள் இல்லை. எனக்குக் கல் இல்லாததால் நான் சாட்சி சொல்ல முடியாது.

ஒரு வாரத்தில் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றி, ஒன்பதாயிரம் சொச்சம் கொடுத்து மெதுவாகப் பிழியும் ஜூசர் ஒன்று வாங்கினேன். பிராண்டு பெயர் வேண்டாம், மிஷின் மேல் குற்றமில்லை. காயை ஒரு பக்கம் போட்டால் ஜூஸ் ஒரு குழாயிலும் சக்கை இன்னொரு குழாயிலும் வரும். சூரமங்கலம் உழவர் சந்தையில் வாங்கிய ஒரு கிலோ கேரட்டுக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஜூஸ் வந்தது. குடிக்க ரெண்டு நிமிஷம். சல்லடையைத் தேய்த்துக் கழுவப் பதினைந்து நிமிஷம். இதை வாங்குகிற அன்றைக்கு யாரும் சொல்வதில்லை.

முதல் மூன்று வாரம் காலை டிபனே கிடையாது. கேரட், பீட்ரூட், ருசிக்கு ஒரு ஆப்பிள். பீட்ரூட் சேர்த்த முதல் நாள் பாத்ரூமில் சிவப்பாகப் பார்த்து வெலவெலத்துப் போனேன். அது வெறும் பீட்ரூட் நிறம்தான், சிலருக்கு அப்படி வரும், பயப்பட ஒன்றுமில்லை. எடை 2.6 கிலோ இறங்கியது. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆரம்பத்தில் இறங்குவதில் பெரும்பங்கு உடம்பில் தேங்கிய தண்ணீர் என்பது பிறகுதான் புரிந்தது.

ஆனால் பத்தரை மணிக்கெல்லாம் வயிறு கூப்பாடு போடும். ஆபீஸ் வாசலில் போண்டா பொரிகிற வாசனை வேறு. அரை லிட்டர் கேரட் ஜூஸில் கிட்டத்தட்ட 200 கலோரி இருக்கிறது, நாலு சின்ன இட்லிக்குச் சமம். நாலு இட்லி சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். மென்று தின்னாத இதுவோ ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இட்லியை விட்டேன், போண்டாவைப் பிடித்தேன். இதில் என்ன லாபம்?

சக்கை விஷயத்துக்கு வருகிறேன். தினமும் ஒரு சட்டி நிறையச் சக்கையைக் குப்பையில் கொட்டுவதை அம்மா அந்த மூன்று வாரமும் பார்த்தார். பிறகு ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்தால், தட்டுவடை ரெண்டு, நடுவில் சிவப்பும் ஆரஞ்சுமாகத் துருவல், பச்சைச் சட்னி, காரச் சட்னி, மேலே வெங்காயம். சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, சாயங்காலமானால் முக்குக்கு முக்கு விற்கிற தட்டுவடை செட்தான். துருவல் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"எங்கடா வாங்கறது, நீ காலையில துப்பிட்டுப் போனதுதான். காயை அதுல வெச்சுட்டுத் தண்ணியைக் குடிச்சுட்டுப் போற, தட்டுவடைக் கடைக்காரனுக்கு இருக்கற விவரம் உனக்கு இல்ல" என்றார்.

சிரித்துவிட்டேன், ஆனால் அந்தப் பேச்சு அன்று தூங்கவிடவில்லை. நூறு கிராம் கேரட்டில் நார்ச்சத்து சுமார் 2.8 கிராம். ஒரு கிலோவுக்கு 28 கிராம் வருகிறது. அதில் பெரும்பகுதி போவது சக்கைக் குழாய் வழியாகத்தான். சர்க்கரை ரத்தத்தில் சட்டென்று ஏறாமல் பிடித்து வைப்பதும், வயிறு நிறைந்த மாதிரி காட்டுவதும், காலையில் மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் அந்த நார்தான். இனிப்பை நான் குடித்திருக்கிறேன், காவல்காரனைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம்கூட முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லவில்லை, பழச்சாறாகப் பிழிந்த சர்க்கரையைக் குறைக்க வேண்டியவற்றின் கணக்கில்தான் வைக்கிறது.

அதோடு ஜூசர் பரணுக்குப் போனது. வடிகட்டாமல் மிக்ஸியில் அடிப்பது என்று மாறினேன். கேரட், பீட்ரூட் எல்லாம் பொரியலுக்கு. தேங்காயும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்ந்தால்தான் கேரட்டின் ஆரஞ்சுச் சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும், பச்சை ஜூஸில் அந்தக் கொழுப்புக்கு வழியில்லை. ஜூஸுக்கு என்று நின்றது நீர்க்காய்கள் மட்டும். வெண்பூசணி, சுரைக்காய், வெள்ளரி. சுரைக்காயில் நூறு கிராமுக்குப் பதினைந்து கலோரி தேறாது.

சுரைக்காய் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிறது. சொந்தக்காரர் வீட்டு வேலியில் காய்த்த சுரைக்காய், பார்க்கப் பச்சைப்பசேல் என்று பிஞ்சாக இருந்தது. அடித்து ஒரு வாய் வைத்தேன், கசந்தது. பாகற்காய்க் கசப்பு விழுங்கினால் போய்விடும். இது தொண்டையில் ஒட்டிக்கொண்டு கீழேயும் போகவில்லை மேலேயும் வரவில்லை. மருந்து கசக்கத்தானே செய்யும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அரை டம்ளர் உள்ளே தள்ளினேன். அரை மணி நேரத்தில் வாந்தி. நாலாவது வாந்தியில் நிற்க முடியவில்லை. பிறகு வயிற்றுப்போக்கு. மகள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் தரைக்கு வந்திருந்தது. ரெண்டு நாள் டிரிப்ஸ்.

பணியில் இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "கசந்துச்சா?" குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள்தான் அந்தக் கசப்பு. சுரை, வெள்ளரி, பூசணிக் குடும்பத்தில் எதில் வேண்டுமானாலும் வரலாம். வேகவைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. நம் நாட்டில் கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரே போயிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை ஆராய நிபுணர் குழு அமைத்து, கசந்தால் குடிக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த நீர்க்காயை நறுக்கினாலும் முதலில் ஒரு துண்டு என் நாக்குக்கு வரும். துளி கசந்தாலும் துப்பிவிட்டுக் காய் முழுவதும் குப்பைக்கு. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

இப்போதைய முறை இது. வெண்பூசணி ஒரு பத்தை, தோலும் விதையும் எடுத்தபின் இருநூறு கிராம் இருக்கும். நாலு மிளகு, ஒரு துண்டு இஞ்சி, அரை மூடி எலுமிச்சை, கல் உப்பு ஒரு சிட்டிகை. சர்க்கரை, தேன் இல்லை. அடித்துச் சக்கையோடு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போய்ப் பதினொரு மணி டீக்குப் பதிலாகக் குடிக்கிறேன். ருசி? மோரும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் ஒரு மாதிரி இருக்கும், பழகிவிடும். வாரம் ஒரு முழுப் பூசணி வாங்குவதால் சந்தையில் காய் விற்கிற அம்மா, "என்னங்க தம்பி, மறுபடியும் புது வண்டியா?" என்று கேட்பார். திருஷ்டி சுற்றி உடைக்காமல் குடிக்கிறேன் என்று சொன்னபோது அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அமாவாசைக்கு முந்தைய நாள் மட்டும் போகாதீர்கள், விலை ஏறியிருக்கும்.

சரி, எடை எப்படிக் குறைந்தது? என் கணக்கு இது. ஆபீஸில் ஒரு நாளைக்கு ஆறு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூன் ஐந்து கிராம் என்றால் 60 கிராம், 240 கலோரி, டீயில் மட்டும். பெரியவர்களுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள் என்கிறார்கள். பூசணி பாட்டில் மேஜையில் இருப்பதால் ஆறு டீ ரெண்டானது, அதோடு வரும் போண்டாவும் நின்றது. ஜூஸ் கொழுப்பைக் கரைக்கவில்லை. டீ கிளாஸ் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். ஜூனில் 79.1. அப்புறம் ஆடி வந்தது. கோட்டை மாரியம்மன் திருவிழா, குகைப் பகுதியில் அலங்கார வண்டிகள் வரும் வண்டி வேடிக்கை, வீடு நிறையச் சொந்தக்காரர்கள், கறிக்குழம்பு. பதினைந்து நாளில் 80.9. பூசணி ஜூஸ் அந்த நாட்களிலும் குடித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இன்றைக்கு 78.3. சர்க்கரைக் கணக்கு ஜனவரியில் 5.8. தோல் மின்னுகிறது, நச்சு வெளியேறுகிறது என்கிற வகையில் எதுவும் எனக்கு நடக்கவில்லை. உடம்பிலிருந்து கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே சம்பளமில்லாமல் வேலை பார்க்கின்றன.

என்னைப் பார்த்து ஆபீஸில் கணக்கு எழுதும் அண்ணனும் ஆரம்பித்தார். அவருக்குச் சிறுநீரகம் பலவீனம், டாக்டர் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். காய்ச்சாற்றில் இருக்கும் பொட்டாசியத்தை அப்படிப்பட்ட சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாதாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரை ஜூஸைக் கேட்காமல் தொடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு ஜூஸில் ஓட்டுவது ஆபத்து. பசலைக்கீரை, பீட்ரூட்டைத் தினமும் பச்சையாகக் குடித்தால் ஆக்ஸலேட் அதிகம் சேரும், கல் வந்தவர்களுக்கு நல்லதல்ல.

மார்கழியில் ஏற்காட்டில் மச்சான் வீட்டில் நாலு நாள் இருந்தோம். மேலே அந்தக் குளிரில் பூசணி ஜூஸை நினைத்தாலே பல் கூசியது. மச்சான் மனைவி அதே காய்களை நறுக்கிப் போட்டு, அவர்கள் தோட்டத்து மிளகைத் தட்டிப் போட்டு சூப் வைத்துக் கொடுத்தார். ஜூஸைவிட நன்றாக இருந்தது, வயிறும் நிறைந்தது. இப்போது வாரத்தில் மூன்று ராத்திரி எங்கள் வீட்டிலும் சூப்தான்.

அந்தப் பயணத்தில் பரணில் கிடந்த ஜூசரை மச்சானுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஆரஞ்சு பிழியலாம் என்றார். உரித்துச் சுளையாகச் சாப்பிடுங்கள் மாப்பிள்ளை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரத்துக்கு வருவதற்குள் போன் வந்தது, சல்லடை கழுவும் பிரஷ் எங்கே என்று.