கூலியா, ஈவா? "போதுமா" என்ற கேள்விக்கு வந்த பதில்கள்

அத்தை வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளி அதில் போட்டுவிட்டுத்தான் களைவார். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குக் கைப்பிடி அரிசிக் காணிக்கையை விளக்க வேண்டியதில்லை.

இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், ஒரு ராத்திரி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஏ ஐயா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து கைப்பிடி அரிசி தவறுனதில்ல. லெந்து நாள்ல ஒருபொழுது விட்டதில்ல. இதெல்லாம் அங்க கணக்குல இருக்கும்லா? போதுமா?"

"இருக்கும் அத்தை, போதும்" என்றேன். வலியில் உறக்கம் வராமல் கிடக்கிறவரிடம் அந்த நேரத்துக்கு அதுதான் வாயில் வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்தியது. நான் ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிற விசுவாசத்துக்கும் அந்தப் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. "போதுமா" என்ற அத்தையின் கேள்விக்குச் சபை வரலாற்றில் ஒரே பதில் வரவில்லை. வந்த பதில்களை ஒவ்வொன்றாக அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் பதில் பெலாகியுவினுடையது. பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி. நான்காம் நூற்றாண்டின் கடைசியிலும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். கடவுள் சட்டம் தந்தார், மனச்சாட்சி தந்தார், கிறிஸ்துவை மாதிரியாகத் தந்தார். இனி நடப்பது உன் கையில் இருக்கிறது என்பது அவர் போதனையின் சாரம். ஹிப்போ நகர ஆயர் அகஸ்டின் இதைக் கடைசிவரை எதிர்த்தார். 418ல் கார்த்தேஜில் கூடிய ஆயர் சங்கம் இதைத் தள்ளியது. 529ல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், கடவுளிடம் திரும்ப வேண்டும் என்ற முதல் ஆசைகூடக் கிருபையால் பிறக்கிறது என்றது. ஆகவே "சொந்தக் கிரியையால் இரட்சிப்பு", அதாவது தன் நற்செயல்களாலேயே மீட்பு, என்பதை ரோமச் சபை என்கிற கத்தோலிக்கச் சபையும் ஏற்கவில்லை, அதிலிருந்து பிரிந்த சீர்திருத்தச் சபையும் ஏற்கவில்லை.

சபை தள்ளினாலும் நம் மனசு தள்ளவில்லை. அத்தையின் கேள்வியில் இருப்பது பெலாகியுதான். டிவியில் "விதைக் காணிக்கை அனுப்புங்கள், நூறு மடங்காக வரும்" என்று கூப்பிடுகிற பிரசங்கத்திலும் அவர்தான் இருக்கிறார். அது சீர்திருத்தச் சபையின் மேடையிலேயே நடக்கும்போது எனக்குத் தாங்க முடியவில்லை. சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மன் துறவி லூத்தர் 1517 அக்டோபர் 31 அன்று 95 கருத்துகளை எழுதி வெளியிட்டது, பாவமன்னிப்புச் சீட்டுக்குப் பணம் வசூலித்த பிரசங்கத்தை எதிர்த்துத்தான். உண்டியல் நிறம் மாறினால் உபதேசம் மாறிவிடுமா?

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். ரோமச் சபைக்கும் லூத்தருக்கும் இடையில் நடந்தது அது. நம் பிரசங்கங்களில் இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம்: "அவர்கள் கிரியையால் என்கிறார்கள், நாம் விசுவாசத்தால் என்கிறோம்." நானும் வாலிபர் கூட்டத்தில் அப்படிப் பேசியிருக்கிறேன். அது நியாயமான பேச்சு அல்ல. ரோமச் சபை கூட்டிய திரெந்துச் சங்கம் 1547 ஜனவரி 13 அன்று, லூத்தர் இறந்து ஒரு வருஷம்கூட நிறையாத சமயத்தில், நீதிமானாக்கப்படுதல் பற்றி, அதாவது பாவி கடவுள் முன் நீதிமானாவது எப்படி என்பது பற்றி, தன் தீர்மானத்தை வெளியிட்டது. 16 அதிகாரம், 33 கண்டன விதிகள். அதில் முதல் விதியே, கிறிஸ்துவின் கிருபை இல்லாமல் தன் கிரியைகளால் ஒருவன் நீதிமானாகலாம் என்று சொல்பவனைச் சபிக்கிறது. எட்டாம் அதிகாரம், நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் நடக்கிற எதுவும், விசுவாசமானாலும் கிரியையானாலும், அந்தக் கிருபையைச் சம்பாதிக்காது என்கிறது. இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்படியானால் சண்டை எங்கே? இரண்டு வினைச்சொற்களில் இருக்கிறது. பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தில் அடுத்தடுத்த அதிகாரங்களில் வருகிற இரண்டு சொற்கள். நான்காம் அதிகாரம் மூன்றாம் வசனம்: "ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது." ஐந்தாம் அதிகாரம் ஐந்தாம் வசனம், தேவ அன்பு நம் இருதயங்களில் ஊற்றப்பட்டிருக்கிறது என்கிறது. லூத்தர் "எண்ணப்பட்டது" என்ற சொல்லில் நிற்கிறார். திரெந்து "ஊற்றப்பட்டது" என்ற சொல்லில் நிற்கிறது.

எண்ணப்படுவது என்றால், கிறிஸ்துவின் நீதி என் பேரில் எழுதப்படுகிறது. நான் இன்னும் பாவிதான். ஆனாலும் தீர்ப்பு வந்துவிட்டது. ஊற்றப்படுவது என்றால், கிருபை எனக்குள் வந்து என்னை உண்மையிலேயே மாற்றுகிறது. அந்த மாற்றம் விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றும் சேர்ந்து வளர்கிறது. அதில் நான் ஒத்துழைக்கிறேன். அந்த வளர்ச்சியோடு சேர்த்துத்தான் நான் நீதிமான். கிருபையில் இருப்பவன் செய்கிற நற்செயலுக்குப் பலன் உண்டு என்று திரெந்து சொல்கிறது. ஆனால் அந்தப் பலனும் கடவுளின் ஈவுதான் என்று அகஸ்டினை ஒட்டியே சொல்கிறது. நோயாளி மருந்து குடித்துத் தேறுவதை நினைத்துக்கொண்டால் ரோமச் சபையின் பதில் புரியும். கடன்காரனின் பத்திரத்தை வேறொருவர் அடைத்துத் தீர்ப்பதை நினைத்துக்கொண்டால் லூத்தரின் பதில் புரியும்.

இரண்டுமே வேதத்தில் இருக்கிறது. அதனால்தான் இது லேசில் தீரவில்லை.

லூத்தர் இதை நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. 1505ல் எர்ஃபுர்ட் நகரத்து அகஸ்டினியர் மடத்தில் சேர்ந்து உபவாசம், கண்விழிப்பு, பாவசங்கீர்த்தனம் என்று உடம்பை ஒடுக்கியவர் அவர். துறவால் மோட்சம் போக முடியுமென்றால் தான் போயிருக்க வேண்டும் என்று பிற்பாடு சொன்னார். ஒவ்வொரு முறை மன்னிப்புப் பெற்று வெளியே வந்ததும், சொல்ல மறந்த ஒரு பாவம் நினைவுக்கு வரும். அவர் கேட்டுக்கொண்டிருந்ததும் அத்தை கேட்ட அதே கேள்விதான்.

அவர் ஜெர்மனில் புதிய ஏற்பாட்டை 1522ல் வெளியிட்டபோது, ரோமர் 3:28ல் கிரேக்க மூலத்தில் இல்லாத "மட்டும்" என்ற சொல்லைச் சேர்த்தார். எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். 1530ல் அவர் எழுதிய பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்றை மறுத்து இன்னொன்றை நிறுத்தும்போது "மட்டும்" போட்டுப் பேசுவது ஜெர்மன் மொழியின் இயல்பு. சந்தேகமென்றால் வீட்டிலிருக்கிற தாயிடமும், தெருவில் விளையாடுகிற பிள்ளைகளிடமும், சந்தையில் நிற்கிற ஆளிடமும் கேளுங்கள் என்றார். நம் சபைகளில் வாசிக்கிற பழைய திருப்புதலில் அந்த வசனம் இப்படி இருக்கிறது: "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்." லூத்தருக்கு ஒரு தனிச்சொல் தேவைப்பட்டது. தமிழில் ஓர் ஏகாரம் போதுமானதாக இருந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொன்ன வசனத்தில் ஐரோப்பாவையே பிளந்த அந்தச் சொல் உட்கார்ந்திருப்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

புதிய ஏற்பாட்டில் இன்னொரு நிருபம் எழுதிய யாக்கோபு எங்கே போனார் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்" என்று அவர் எழுதியிருக்கிறார். லூத்தர் அந்த நிருபத்தை வைக்கோல் என்று சொன்னது அவசரம். இரண்டு பேரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் வேறு வேறு நாளில் அழைக்கிறார்கள். பவுல் காட்டுவது ஆதியாகமம் 15. அப்போது ஈசாக்கு பிறக்கவில்லை, விருத்தசேதனமும் இல்லை. அது ஆபிரகாமுக்கு 99 வயதில்தான் நடந்தது. வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து நம்பினதைத் தவிர அவன் அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. யாக்கோபு காட்டுவது ஆதியாகமம் 22, ஈசாக்கு விறகு சுமக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகு நடந்தது. முதல் நாளில் தீர்ப்பு வந்தது. மோரியா மலையில் அந்தத் தீர்ப்பு உண்மைதான் என்று ஊருக்குத் தெரிந்தது. யாக்கோபு அடிப்பது பவுலை அல்ல. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று அதே அதிகாரத்தில் சொல்கிறாரே, அந்த வாய்ச்சொல் விசுவாசத்தை அடிக்கிறார்.

அந்த அடி நமக்குத் தேவை. கூட்டத்தில் கையை உயர்த்தி "இரட்சிக்கப்பட்டேன்" என்று சாட்சி சொல்லிவிட்டு, வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் சம்பளத்தைப் பிடித்து வைக்கிறவர்கள் நம் நடுவில் இல்லையா? கிருபையை மலிவாக்குவதைப் பற்றி 1937ல் அத்தனை கோபமாக எழுதியவர் லூத்தரன் சபையின் போதகரே: போன்ஹோஃபர். அவரை நாஜிகள் 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள்.

நீதிமானாக்கப்பட்ட பிறகு விழுந்துபோக முடியுமா என்பதில் சீர்திருத்தச் சபைகளுக்குள்ளேயே பிரிவு உண்டு. கால்வின் வழி வந்தவர்கள், கடவுள் தெரிந்துகொண்டவர்களைக் கைவிட மாட்டார் என்பார்கள். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி, விசுவாசத்தை விட்டு விலக முடியும், ஆகவே பரிசுத்தத்தில் வளர் என்பார். தமிழருக்கு இது புதுச் சண்டை அல்ல. தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி என்று வடகலையும் தென்கலையும் வைணவத்துக்குள் எத்தனையோ காலமாகப் பேசி வந்ததுதான். ஆனால் வெஸ்லியைக் குரங்குக்குட்டி என்று எழுதிவிட முடியாது. பிடிக்கிற பலத்தையும் கிருபைதான் முன்கூட்டியே தருகிறது என்பது அவர் போதனை. ஆக்ஸ்போர்டில் சிறைக்கைதிகளைப் பார்க்கப் போனவர், அமெரிக்காவில் ஊழியம் செய்தவர், அத்தனையும் செய்தும் சமாதானம் இல்லாமல் 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் முன்பு தன் இருதயம் அனலானதை அவர் குறித்து வைத்திருக்கிறார்.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் உலக லூத்தரன் சம்மேளனமும் கத்தோலிக்கச் சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்பின் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். ஆவியானவர் நம்மைப் புதிதாக்கி நற்கிரியைகளுக்கு அழைக்கிறார் என்று இரண்டு தரப்பும் சேர்ந்து சொல்கிறார்கள். 2006ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். எல்லா வேற்றுமையும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் "எண்ணப்பட்டது" என்பவரும் "ஊற்றப்பட்டது" என்பவரும் ஒரே தாளில் பெயர் எழுதுவதற்கு 450 வருஷத்துக்கு மேல் ஆனது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

இருந்தும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது நான் லூத்தரிடம்தான் போவேன். தனக்குக் கிருபை கிடைத்திருக்கிறது என்று பிழையற்ற நிச்சயத்தோடு ஒருவரும் அறிய முடியாது என்று திரெந்து ஒன்பதாம் அதிகாரத்தில் சொல்கிறது. ஆணவத்தைத் தடுக்கச் சொன்னது என்று எனக்குப் புரிகிறது. கடவுளின் இரக்கத்தைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை என்றும் புரிகிறது. ஆனால் எனக்குள் ஊற்றப்பட்டது எவ்வளவு என்று நடுராத்திரியில் நானே உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியிருந்தால், அத்தை போலத்தான் அரிசியை எண்ணிக்கொண்டு கிடப்பேன். எண்ணப்பட்ட நீதி எனக்கு வெளியே இருக்கிறது. என் காய்ச்சலோ மறதியோ பயமோ அதைக் குறைக்காது. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு நற்கிரியை செய்யக் கையும் இல்லை, நாளும் இல்லை. அவனிடம்தான் இயேசு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "அத்தை, நேத்து நான் சொன்னது தப்பு. போதாது" என்றேன். அவர் முகம் வாடிப்போனது. "போதுமானதை அவரே செஞ்சு முடிச்சிட்டார் அத்தை" என்று சொல்லி எபேசியர் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து வாசித்தேன். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." அத்தைக்கு மனப்பாடமான வசனம். கூடவே உதடு அசைந்தது. "இது உங்களால் உண்டானதல்ல" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்த அரிசி?" என்று கேட்டார். பத்தாம் வசனத்தை வாசித்தேன்: நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்பது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு உறங்கினார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் பார்க்கப் போயிருந்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் அரிசிப் பானையைத் திறந்ததும், "ஏளா, அந்தக் கலயத்த இங்க கொண்டா" என்றார்.

"அத்தை, அதான் கணக்குல சேராதுன்னு சொன்னேனே" என்றேன்.

"கணக்குதான் முடிஞ்சிட்டுல்லா" என்று சொல்லிவிட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டார். "இது சும்மா குடுக்கது."