செம்மறி இனம் அறிய: மைக்ரோசாட்டிலைட்டா, எஸ்என்பி சிப்பா?

மேச்சேரி, சென்னை சிவப்பு இரண்டுமே கம்பளியில்லாத, பழுப்பு நிற ஆடுகள். கலப்புக் குட்டியைக் கண்ணால் பார்த்து இனம் சொல்வது கடினம், டிஎன்ஏதான் உதவும்.

மைக்ரோசாட்டிலைட் என்பது டிஎன்ஏவில் அடுத்தடுத்துத் திரும்ப வரும் சிறு துண்டு. எத்தனை முறை திரும்புகிறது என்பது ஆட்டுக்கு ஆடு மாறும். ஒவ்வொன்றிலும் பல வடிவங்கள் இருப்பதால், எஃப்ஏஓ (ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு) பரிந்துரைத்த சுமார் 30 குறியீடுகளே ஓரளவு விலகிய இனங்களைப் பிரிக்கப் போதும். ஆனால் ஓர் ஆய்வகத்தின் அளவீடு இன்னொன்றோடு அப்படியே பொருந்தாது.

எஸ்என்பி என்பது டிஎன்ஏவில் ஓரெழுத்து மாற்றம். பெரும்பாலும் இரண்டே வடிவம். தனியாக வலுவில்லை, சரி. ஆனால் பல எஸ்என்பிகளை ஒரே முறையில் படிக்கும் செம்மறி சிப்பில் 50,000க்கு மேல் இருக்கின்றன. கலப்பு எத்தனை சதவீதம் என்று கேட்டால் நான் இதையே நம்புவேன். ஒரு குறை: அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் வெளிநாட்டு இனங்களில் கண்டெடுத்தவை, நம் ஆடுகளின் பன்மை குறைவாகத் தெரியக்கூடும்.